அப்பாவின் கட்டி எங்கே போனது

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகு நான் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன். நான் அழுதால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு பிரிக்காமல் பக்கத்தில் கிடக்கிறது. மற்ற டீச்சர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பெரிதாக்கி, ஒரு வரியும் விடாமல் படி. உன் ரூமில் இருக்கிற பையன்களிடமும் காட்டு, யார் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத்தான் இதை நாலு வருஷம் தள்ளிப் போட்டேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை காலையில், ஓசூரில் உன் ரூமுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள கிளினிக்கில், வலது கையில் முழங்கைக்கு மேலே இருக்கிற கட்டியை வெட்டி எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். மாதக் கடைசியில் கத்தார் கம்பெனிக்கு மெடிக்கல் இருக்கிறது, கட்டியோடு போய் நின்றால் ஏதாவது கேள்வி கேட்பார்கள், அதற்குள் தையல் ஆறிவிட வேண்டும் என்றாய். "அரை மணி நேர வேலைம்மா, படுக்கக்கூட வேணாமாம், ஒக்காந்துக்கிட்டே எடுத்துருவாங்களாம்" என்று சிரித்தாய். வேண்டாம் தம்பி, ஸ்கேன் பார்க்காமல் வெட்டாதே என்று நான் ஆரம்பித்ததும் உன் குரல் மாறிவிட்டது. "கட்டின்னு ஒண்ணு வந்தா அது அப்பாவுக்கு வந்த கட்டியாத்தான் இருக்கணுமா? நீ எல்லாத்துக்கும் பயப்படுற ஆளும்மா. இதுக்குத்தான் ஒங்கிட்ட நான் சொல்லாம இருந்தேன்" என்றாய். அதோடு போன் நின்றுவிட்டது.

நீ சொன்னதில் பாதி சரி. நான் பயப்படுகிறவள்தான். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. இரண்டாம் வருஷம் பாட்டனி படித்துக்கொண்டிருந்தேன். உன்னை மடியில் போட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்து டிகிரி வாங்கினேன். உனக்குச் சளி பிடித்தால் நிமோனியா என்பேன். நீ சைக்கிளில் போனால் தெருமுனை வரை பின்னாலேயே வருவேன். அதனால்தான் இந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் முதலில் சொல்வதில்லை. கட்டி தீபாவளிக்கே இருந்தது என்றாயே, இது பங்குனி. அஞ்சு மாதம் நீ சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு என் பயமும் ஒரு காரணம். அதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியும் சொல்கிறேன். உனக்கு வந்திருப்பது பெரும்பாலும் வெறும் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும். ஊரில் நூறு பேருக்கு அப்படி ஒன்று இருக்கும், அவர்கள் அதோடேயே வயதாகிப் போகிறார்கள். அப்பாவுக்கு வந்தது உனக்கும் வரும் என்று கிடையாது, அது பெரும்பாலும் பரம்பரையாக வருகிற வியாதி இல்லை என்று அவருடைய டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் நீ நேற்று உன் வாயாலேயே மூன்று விஷயம் சொன்னாய். தீபாவளிக்கு நெல்லிக்காய் அளவு இருந்தது இப்போது பெரிய எலுமிச்சை அளவு ஆகிவிட்டது என்றாய். தொட்டால் தோலுக்கு அடியில் நழுவாமல் உள்ளே சதையோடு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாய். வலியே இல்லை, அதனால் பயமில்லை என்றாய். இதே மூன்றையும், கிட்டத்தட்ட இதே வார்த்தையில், உன் அப்பாவும் சொன்னார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ப்ளஸ் டூ படித்த வருஷம். மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து அப்பா கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இடது தொடையில் முட்டிக்கு ஒரு சாண் மேலே புடைத்துக்கொண்டிருந்ததை நீதான் முதலில் பார்த்தாய்.

"என்னப்பா, ஒரே கால்ல ரெண்டு முட்டி வச்சிருக்கீங்க?"

"ஒனக்கு வேணுமா? ஒண்ண எடுத்துக்க."

"எனக்கெதுக்கு, இருக்கிற ரெண்டே வலிக்குது."

நீ அதை ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். மூன்று பேரும் சிரித்தோம். டிராக்டர் கிளட்ச் மிதிக்கிற கால், சதை போட்டிருக்கிறது என்றார் அப்பா. டவுசர் பாக்கெட்டில் இருக்கிற போன் உறுத்துகிறது என்று நினைத்துப் பலமுறை கையை விட்டுப் பார்த்திருக்கிறாராம், போன் சட்டைப் பையில் இருக்குமாம். அதைக்கூட ஒரு வேடிக்கையாகச் சொன்னார். "வலிச்சாத்தானே வியாதி" என்பது அவர் கட்சி. ஆக, எல்லோரும் வலிக்காகக் காத்திருந்தோம். அது வரவே இல்லை.

தை முடிந்த பிறகு நான் விடாமல் நச்சரித்து, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதிகம் பேசாதவர். தொடையை அழுத்திப் பார்த்தார், காலை மடக்கி நீட்டச் சொன்னார், தையற்காரர் வைத்திருப்பது போல ஒரு டேப்பை எடுத்து அளந்தார். "இது ஆழத்துல இருக்கு. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்காம இதுல யாரும் கத்தி வைக்கக் கூடாது. ஸ்கேன் பாத்துட்டு, பெரிய ஊசி வச்சு உள்ளருந்து துளியூண்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். என்னன்னு தெரிஞ்ச பிறகுதான் ஆபரேஷன். மாத்திச் செஞ்சுறாதீங்க" என்றார். சீட்டில் எழுதி, ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அந்தச் சீட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதை உனக்கு நான் காட்டியதே இல்லை. காட்டினால் நீ அடுத்த கேள்வி கேட்பாயே. அவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏன் அப்படிச் செய்தோம் என்பாயே.

ஏன் என்றால், திருச்சியில் ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய எட்டு நாளுக்குள் விழுந்தது. காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டுப் போய் வெளியில் ராத் தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் மண்டகப்படி நம் வீட்டுச் செலவு, அப்பா இல்லாமல் நடக்காது. "திருவிழா முடியட்டும், ரெண்டு வாரத்துல என்ன ஆயிரப் போகுது" என்றார் அப்பா. இப்போது யோசித்தால், அன்று அவர் சொன்னபடி விட்டிருந்தால்கூடப் பெரிய கெடுதல் வந்திருக்காது. இரண்டு வாரம் பொறுத்து ஸ்கேன் எடுத்திருப்போம். பொறுக்க முடியாமல் போனது எனக்குத்தான். எட்டு நாளும் அந்தக் கட்டியை அவர் காலில் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது. ஸ்கூலில் ஒரு டீச்சர், தன் கணவருக்கு முதுகில் இருந்த கட்டியை ஒரு கிளினிக்கில் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். அந்தக் கிளினிக்கைத் தேடிப்பிடித்து, காப்புக் கட்டுகிற நாள் காலைக்கே நேரம் வாங்கியவள் நான். உன் அத்தை இல்லை. அப்பாவும் இல்லை.

காலையில் எடுப்பதாகச் சொன்ன டாக்டர் வரும்போது மணி நாலு. மரத்துப்போக ஊசி போட்டு, ஐந்து மணிக்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். "கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு, எதுக்கும் டெஸ்ட்டுக்குக் குடுத்துருங்க" என்று அந்த டாக்டர் சொன்னார். அதை மறைக்க மாட்டேன். நர்ஸ் ஒரு அகலவாய்க் கண்ணாடி பாட்டிலை என் கையில் கொடுத்தது. "லேப்ல ஆள் போயிட்டாங்கக்கா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் குடுத்துருங்க. மூடியத் தொறந்துறாதீங்க." மூடிக்கு வெளியிலேயே அந்த வாடை வந்தது. ஃபார்மலின். காலேஜ் லேபில் மூன்று வருஷம் முகர்ந்த வாடை. தாவரத்தை அதில் போட்டு வைத்தால் அழுகாமல் இருக்கும், பிறகு மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். நானே சீவியிருக்கிறேன். அந்தப் பாட்டில் எதற்கு என்று தெரியாமல் கையில் வாங்கியவள் இல்லை உன் அம்மா.

அப்பாவை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலை நீட்டச் சொல்லி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். திருவரங்குளம் தாண்டும்போதே வெயில் இறங்கிவிட்டது. நம் ஊர் எல்லையில், கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் பாலத்துக்கு வந்தபோது மூன்று வேட்டுப் போட்டார்கள். பிறகு கொட்டுச் சத்தம். காப்புக் கட்டியாயிற்று. வண்டியை நிறுத்தினேன். அப்பாவுக்குத் தலை சுற்றியது, இறங்கி ஊர்ப் பெயர்ப்பலகைத் தூணில் சாய்ந்துகொண்டார்.

நான் அங்கே நின்று யோசித்ததை யோசனை என்று சொல்ல முடியாது. ஊரில் ஒரு வீட்டிலும் முட்டைகூட இருக்காத நாள். மறுநாள் காலையில் என் கையிலும் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும், உன் பரீட்சைக்காகப் பால்குடம் நேர்ந்திருந்தேன். இந்தப் பக்கம் என் பையில் வெட்டியெடுத்த மாமிசம் ஒரு பாட்டிலில் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுபோய் எங்கே வைப்பேன்? உனக்கு இரண்டு பரீட்சை பாக்கி. ஏதாவது ஆகிவிட்டால்? கொழுப்புக் கட்டிதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டாரே. அந்த வருஷம் பங்குனி வரை வாய்க்காலில் தண்ணீர் கிடந்தது. பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். என் கைக்கு அரை நிமிஷ வேலை.

கொஞ்ச நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு அத்தை வந்தார். கிளினிக்கிலிருந்தே போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். தன் தம்பியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வந்தவர் முதலில் கேட்டது இதுதான்.

"ஏதோ பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்கன்னியே, எங்க?"

"அதை எப்படி அண்ணி ஊருக்குள்ள... காப்புக் கட்டியாச்சுல்ல."

"எங்கடி?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி. இம்புட்டு நாளும் அவன் தொடையிலதான இருந்துச்சு? தொடையில இருந்தா ஆத்தா உள்ள விடுவா, பாட்டில்ல இருந்தா விடமாட்டாளா? எங்கிட்டக் குடுத்திருந்தா மாட்டுக்கொட்டாய்ல வச்சிருந்து காலையில கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்ல. படிச்சவ நீ. ஒனக்கு நான் சொல்லணுமா?"

டார்ச்சைத் தண்ணீரில் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இந்தப் பேச்சை அப்பா கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தம்பி, இதுவரை சொன்னதைப் பயத்தில் செய்தது என்று நீ மன்னித்தாலும் மன்னிப்பாய். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. தையல் பிரிக்கப் போனபோது நர்ஸ், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டது. "வந்துருச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்றேன். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடமும் அதையே சொன்னேன். நீ சந்தோஷமாக விளையாடப் போனாய். பால்குடம் எடுத்தேன், நீ நல்ல மார்க் வாங்கினாய். அந்த மார்க் நீ படித்து வாங்கியது. அதற்கும் நான் தண்ணீரில் போட்டதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தச் சுமையை உன் தலையில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் எந்தக் கணக்கில் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறு தையில் தழும்புக்கு அடியில் கல் மாதிரி மறுபடி வந்தது. "அதான் டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சே" என்று அப்பா அதையும் தள்ளிவிட்டார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அப்போது எனக்குப் படவில்லை. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது தேங்காய் அளவு இருந்தது. அங்கேதான் சார்கோமா என்ற பெயரை முதல்முதலில் கேட்டோம். சதை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய், இப்படி உடம்பில் மெத்தென்று இருக்கிற எதிலும் வரக்கூடிய புற்றுநோய் என்றார் டாக்டர். அரிதாக வருவது. சாதாரணக் கட்டி போலவே இருந்து எல்லோரையும் ஏமாற்றுவது. ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் போய்விட்டு வந்து அப்பா, "இதுக்கு நம்ம போர்வெல் லாரி சத்தமே தேவலைடா" என்று உன்னிடம் சொன்னாரே, நீகூடச் சிரித்தாயே. அன்றுதான் டாக்டர் கேட்டார். "மொதல்ல எடுத்த கட்டியோட ரிப்போர்ட் எங்கம்மா? சதைய மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க, அது இருந்தாலும் வாங்கிட்டு வாங்க."

அப்பா தரையைப் பார்த்தார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது கூட வந்திருந்த அத்தை, "டெஸ்ட்டுக்கே குடுக்கல டாக்டர். காப்புக் கட்டியிருக்கு, ஊருக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு நாந்தான் போடச் சொன்னேன். இவ பாவம், எனக்குப் பயந்து வெளிய சொல்லல" என்றார்.

வராண்டாவில் நீ அத்தையிடம் என்ன பேசினாய் என்பதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. நீ பேசியது சரிதான், ஆளை மாற்றிப் பேசினாய். அத்தை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பிறகு குழாயடியில் தட்டுக் கழுவும்போது, ஏன் அண்ணி இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டேன். "என்னைய வெறுத்தான்னா ஒரு வீட்டுக்கு வரமாட்டான், அம்புட்டுதான். ஒன்னைய வெறுத்தான்னா அவனுக்குப் போக வீடே இல்லாமப் போயிரும். கழுவு, தண்ணி நின்னுரப் போகுது" என்றார். மூன்று வருஷமாக நீ அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்கு அவர் கொடுத்துவிட்ட முறுக்கு டின்னைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாய். அணில் தின்றது. அதை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அந்த அரை மணி நேர வேலை என்ன செய்தது என்பதை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நோய் இருக்கிற கட்டியை அதைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து, உடைக்காமல், ஒரே தடவையில் முழுசாக எடுக்க வேண்டுமாம். எவ்வளவு எடுப்பது, எந்தப் பக்கம் கத்தி வைப்பது என்பதெல்லாம் ஸ்கேனும் ஊசி டெஸ்ட்டும் சொன்ன பிறகுதானாம். அப்பாவுக்கு முதல் வெட்டு கட்டியின் நடுவிலேயே போயிருக்கிறது. கத்தி போன வழியெல்லாம் அது சிந்தியிருக்கிறது. அதனால் இரண்டாவது ஆபரேஷனில் தழும்பையும் சேர்த்துத் தொடையின் முன்சதை முழுவதையும் எடுத்தார்கள். பிறகு ஐந்து வாரத்துக்கு மேல் கரண்டு வைத்தார்கள், அந்தக் கதிர்வீச்சு வைத்தியம். "மொதல்லயே இங்க வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. பாட்டில் லேபுக்குப் போயிருந்தால் பத்தே நாளில் தெரிந்திருக்கும். பத்து மாதம் போனது என் கையில்.

கால் போகவில்லை, அது எங்களுக்குக் கிடைத்த பெரிய கருணை. படி ஏறும்போது வலது காலை முதலில் வைத்து இடது காலை இழுத்துக்கொள்கிறாரே, அந்த நடைக்கு நாம் பழகிவிட்டோம். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இந்த வியாதி திரும்பி வந்தால் பெரும்பாலும் நெஞ்சுக்குள் வருமாம், அதற்காகத்தான் சில மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் ஸ்கேன். போன மாதம் எடுத்ததில் ஒரு புள்ளி தெரிகிறது. அது பழைய சளித் தழும்பாகவும் இருக்கலாம் என்கிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நீ கத்தார் போகிற நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். நீ எங்களிடம் மறைத்ததற்குக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சொல்.

நேற்று நீ போனை வைத்ததும் நேரே தோட்டத்துக்குப் போனேன். அப்பா சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். உன் கையில் கட்டி இருப்பதைச் சொன்னேன். பிறகு பாட்டில் விஷயத்தையும் சொன்னேன். அத்தை போடச் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன் என்று. அவர் குழாயைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தண்ணியில விழுந்த சத்தம் கேட்டுச்சு. அக்கா பேசுனதும் கேட்டுச்சு. எனக்குத் தலைதான் சுத்துச்சு, காது அடைக்கல."

"அப்புறம் ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"எனக்கும் நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்தா முடிவுன்னு ஒண்ணு வருமே. ஒண்ணும் இல்லையாம்னு நீ சொன்னப்ப நானும் தலையாட்டுனேன்ல? நீ ஒருத்தியாவா போட்ட?"

இருபத்திரண்டு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். எதற்கும் பயப்படாத ஆள் என்று நினைத்திருந்தேன். பயத்தை நான் சத்தமாகப் படுகிறேன், அவர் சத்தமில்லாமல் படுகிறார். நீயும் அவர் பிள்ளைதான். அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். பயமாக இருக்கிறது என்று நீ சொல்லலாம். இந்த வீட்டில் இனி யார் அதைச் சொன்னாலும் அவர்களைக் கேலி செய்ய மாட்டோம்.

அதனால் சனிக்கிழமை உன் கையை யாரிடமும் நீட்டாதே. நல்ல டாக்டரோ, தெரிந்தவரோ, காசு வாங்காதவரோ, யாராக இருந்தாலும் வேண்டாம். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று எவனாவது வந்தாலும் வேண்டாம். வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் புதுக்கோட்டையிலிருந்து கிளம்புகிறோம், சாயங்காலத்துக்குள் ஓசூர் வந்துவிடுவோம். சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பி, திங்கட்கிழமை காலை அப்பாவுடைய டாக்டரைப் பார்க்கிறோம். இன்று காலையிலேயே அவரிடம் பேசிவிட்டேன். ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி டெஸ்ட், அதன் பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச்சு. ஒன்றுமில்லாத கட்டி என்று தெரிந்தால் அன்றைக்கே எனக்குப் பட்டப்பெயர் வை, ஊரெல்லாம் சொல்லிச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வேறு ஏதாவது என்றால், நெல்லிக்காய் எலுமிச்சை ஆன நேரத்தில் பிடித்துவிட்டோம், தேங்காய் ஆகவில்லை. மெடிக்கலைக் கம்பெனியிடம் சொல்லித் தள்ளிப் போடு. அவர்கள் தள்ளமாட்டோம் என்றால் வேறு கம்பெனி வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் காப்புக் கட்டுகிறார்கள். தெரிந்துதான் கிளம்புகிறோம். மண்டகப்படியைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். எட்டு நாளும் வெளியில் தங்க வேண்டி வந்தாலும் தங்குவோம். நேற்று அத்தையிடம் போய் இதைச் சொன்னபோது, "ஆத்தா எங்கயும் ஓடிறமாட்டா. இங்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பா, போயிட்டு வந்து கும்பிட்டுக்கலாம்" என்று அவரும் ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துவிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவனுக்கு என் மூஞ்சி பிடிக்காது. நான் பஸ்ஸ்டாண்டுலயே நிக்கிறேன், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். தம்பி, அவரை அங்கே நிற்க விடாதே. நீயே பஸ்ஸ்டாண்டுக்கு வா. நீ யாரிடம் பேசாமல் இருக்க வேண்டுமோ அந்த ஆள் நான். அதைப் பிறகு நீ செய்துகொள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும். முதலில் அத்தையின் பையை வாங்கிக்கொள்.

திங்கட்கிழமை, அல்லது அவர்கள் சொல்கிற ஏதோ ஒரு நாளில், உன் கையில் ஊசி வைத்து எடுத்ததை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு, மேலே உன் பெயர் எழுதி, லேப் கீழ்மாடியில் இருக்கிறது, கூட வந்தவங்க கொண்டுபோய்க் குடுங்க என்பார்கள். அப்பாவுக்குப் படி இறங்கக் கஷ்டம். அத்தைக்கு அந்த ஆஸ்பத்திரியில் வழி தெரியாது. உன்னால் நம்ப முடிந்தால், அதை என் கையில் கொடுக்கச் சொல். நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் காட்டுகிறேன்.

அம்மா